வற்றக் காய்ச்சிய தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஆறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாரியில் ஓடிக் கோடையில் காணாமற்போகும் வழுக்கையாற்றை ஆறு என்று சொன்னால் வன்னிச் சனம் சிரிக்கும். அப்படியிருக்க, எங்கேயோ ஓடும் ஆற்றில் உள்ள கதிரியக்கத்தால் இந்தக் கோடை முழுவதும் என் வீட்டில் நிம்மதி கெட்டுப்போனது.

என் கணவர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, கவனம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி உலகத்தில் யார் எது எழுதினாலும் அது அவருடைய போனுக்குத்தான் வந்து சேரும். ஏதோ ஒரு நாட்டில் ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் சனத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மலைப்பாறையில் இயற்கையாகவே இருக்கும் யுரேனியம் தண்ணீரில் கரைந்து வருகிறதாம். அளவுக்கு மிஞ்சி இருந்து, நெடுங்காலம் குடித்தால் சிறுநீரகத்தைப் பாதிக்குமாம். 'அளவுக்கு மிஞ்சி' என்ற இடத்தை மட்டும் அவருடைய கண் தாண்டிப் போய்விட்டது.

குழாயில் வருவதும் எங்கேயோ ஓடும் ஆற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும், அது வேண்டாம் என்றார். சரி, கிணறு இருக்கிறதே என்றேன். போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். மேலிருந்து அடிவரை கல்.

"உதுவும் கல்லுக்குள்ளாலை வாற தண்ணிதானே" என்றார்.

இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மல்லிக் குடிநீர் காய்ச்சுகிற மாதிரி, பெரிய சட்டியில் தண்ணீரை வைத்துப் பாதிக்கு மேல் வற்றக் காய்ச்சினார். வற்ற வற்றக் கெட்டது எல்லாம் போய்விடுமாம். உப்புத் தண்ணீரை வற்றவிட்டால் உப்பா போகிறது என்று கேட்டேன். சட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருந்ததைச் சுரண்டிக் காட்டினேன். "பாத்தீரே, வெளியிலை வந்திட்டுது" என்று சந்தோசப்பட்டார். எனக்குத் தலையைச் சுவரில் மோதலாம் போல இருந்தது. காஸ் சிலிண்டர் தீர்ந்ததுதான் மிச்சம்.

தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாமா என்று சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டேன். கிருமியையும் உரத்தால் வருகிற நைத்திரேற்றையும் இங்கே பார்க்கலாம், கதிரியக்கம் என்றால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து உரத்தின் கதையைச் சொன்னேன். கிணற்றடி வரைக்கும் யூரியா எறிகிற மனுசன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத யுரேனியத்துக்கு நடுங்குவார், தன் கையால் அள்ளி வீசுகிற உரத்துக்குப் பயப்பட மாட்டார். இப்படிப்பட்ட ஆளோடு என்ன கதைப்பது?

அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முன்பைவிட மோசமாக வந்தது. டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. மருந்தைப் பற்றிக் கேட்டார், உப்பைப் பற்றிக் கேட்டார். கடைசியில், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் ஐயா என்று கேட்டார். இவர் சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். திரும்பவும் கேட்டபோது, வாய் நனைக்கிற அளவுக்கு என்றார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வற்றக் காய்ச்சியதைக்கூட அவர் குடிக்கவில்லை. தோட்டத்துக்கு நான் கொடுத்துவிட்ட போத்தல் தண்ணீரெல்லாம் வாழையடிக்குப் போயிருக்கிறது. டொக்டர் பிள்ளை கோபப்படவில்லை. இந்த வெயிலில் நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் விட்டால், பலவீனமான சிறுநீரகம் இன்னும் பழுதாகும் என்றார். காய்ச்சி வற்றவைத்தால் கரைந்திருப்பது போகாது, இன்னும் செறியத்தான் செய்யும் என்றார். குழாய்த் தண்ணீரையே தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கச் சொன்னார். கோபம் முழுவதும் என்னிடம்தான் இருந்தது. பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்து, குசினிக்குள் அடுப்படியில் வைத்துக் கொட்டித் தீர்த்தேன். படித்துப் படித்துச் சொன்னேனே, உங்களுக்கு விசரா என்று கேட்டேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அண்ணையும் உந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிச்சவர்."

அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணறு. அவருடைய அண்ணை போன வருசம் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துதான் செத்தார். அவருக்கு நீரிழிவு, அந்தச் சீனி வருத்தத்தால் வந்தது, தண்ணீரால் இல்லை என்று டொக்டர்மார் அப்போதே சொன்னதை ஞாபகப்படுத்தினேன். தெரியும் என்று தலையாட்டினார்.

"கடைசியிலை டொக்டர்மார் தண்ணி குடுக்க வேண்டாம் எண்டவை. நான்தான் பக்கத்திலை நிண்டனான். தம்பி, ஒரு மிடறு தா, ஒரு மிடறு தா எண்டு கேட்டவர். நான் குடுக்கேல்லை."

இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. கேட்ட பிறகும் என் ஆத்திரம் போகவில்லை. அதைச் சொல்லாமல் ஒரு கோடை முழுவதும் யுரேனியம் யுரேனியம் என்று என் உயிரை எடுத்தாரே என்று இன்னும் கூடியது. குழாயைத் திறந்து கோப்பை நிறையப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"அவரைக் குடிக்க வேண்டாம் எண்டவை. உங்களைக் குடிக்கச் சொல்லுகினம். குடியுங்கோ."

வாங்கிக் குடித்தார். நான் கோப்பை வெறுமையாகும்வரை அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.