நெல்லுக்கு ஒதுங்கும் கார்கள்

மாமல்லபுரத்தில் உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் வந்து செஸ் ஆடினார்களே, அந்த ஆடி மாதம் போய், பின்னால் வந்த ஐப்பசியில்தான் என்னைக் கார் இடித்தது. தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் பன் விற்கத்தான் போயிருக்கிறேன், படிக்கப் போனதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊர் ரோட்டுக்கும் புதுசாகத் தார் ஊற்றினார்கள். அதற்கு முன்னால் அது குண்டும் குழியுமாகக் கிடந்தது. எல்லாரும் திட்டினோம். ஆனால் குழி இருந்த வரைக்கும் எங்களை யாரும் இடித்ததில்லை. பெரிய பெரிய கார் எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி அடி மேல் அடி வைத்துத்தான் வரும். தார் ஊற்றினார்கள், காவல் போய்விட்டது.

விடிகாலையில் சதுரங்கப்பட்டினத்து பேக்கரியில் பன்னும் பொறை ரொட்டியும் சூடாக வாங்கித் தகரப் பெட்டியில் அடுக்குவேன். பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை பாம் பாம் என்று அமுக்கியபடி நாலு ஊர் சுற்றுவேன். பொறை என்றால் நாய்க்குப் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். டீயில் முக்கி மூணு எண்ணுவதற்குள் எடுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதை விடுங்கள். அன்றைக்கு வளைவில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதன் காதுக் கண்ணாடி என் பெட்டியைத் தட்டியது. பெட்டி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், நான் கால்வாயில். மழைத் தண்ணீர் இடுப்பளவு. பன்னெல்லாம் தாமரை மாதிரி மிதந்தது. மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை, பன்னைப் பார்த்தது.

காரை நிறுத்தி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, கண்ணு தெரியாதா?"

"தெரியுது சார். நீ வந்தது தெரிஞ்சிது. போறதுக்குத்தான் எடம் இல்ல" என்றேன்.

அவர் தன் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கால்வாயிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது என் கூட்டாளி. அவர் ஒரு காலத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர். அப்புறம் அணுமின் நிலையத்துப் பக்கம் எங்கேயோ வாட்ச்மேன் வேலை பார்த்தார். இப்போது ரோட்டோரம் குத்தகைக்கு ஒரு ஏக்கர் நெல் வைத்திருக்கிறார். எனக்கு அவர் அண்ணாத்த, அவருக்கு நான் பாய்.

"இன்னா பாய், வாத்துக்கெல்லாம் நாஸ்தா போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் கொடுத்தார்.

வீட்டில் என் பெண்டாட்டி கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஈரத் துணியை வாங்கிக்கொண்டாள், முட்டியில் மஞ்சள் வைத்தாள். அப்புறம் சைக்கிளைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது?"

"ரோடு சரியானா சாவி வரும். அது வரிக்கும் கம்முனு கெடங்க. நாப்பது வருசம் அந்த ஹாரன் சத்தத்த கேட்டுகினு கதவத் தெறந்தவ நான். ஆம்புலன்சு சத்தத்துக்குத் தெறக்க மாட்டேன்."

இதுதான் விஷயம். எனக்கு அந்தச் சைக்கிள் வேண்டும். அதில்லாமல் நாலு ஊர் என்பது ஒரு ஊராகிவிட்டது. பெட்டியைத் தலையில் வைத்து நடந்தேன். அதிலும் ஒரு கூத்து: சைக்கிளில் போனால் அந்த வளைவைத் தாண்டப் பத்து மிதி, நடந்தால் நூறு அடி. அவள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பத்து மடங்கு நேரம் ரோட்டில் விட்டுவிட்டாள். சொன்னேன். "அப்ப வூட்டுலயே இருங்க" என்றாள்.

இந்த நடக்கிற பேஜாரு எனக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். படாளத்தில் என் மச்சான் ஒருவர் இருக்கிறார், நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் டீக்கடை. குறுக்கே நடக்கப் பயந்து, இந்தப் பக்கம் பஸ் ஏறி அடுத்த பாலத்தில் இறங்கி, கீழே புகுந்து அந்தப் பக்கம் போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்து டீ குடிப்பார். கண்டக்டர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். "டீக்கா, வூட்டுக்கா?" என்று கேட்டுத்தான் சீட்டுக் கிழிப்பார்கள். நாமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராசிலிருந்து ஒரு கூட்டம் சைக்கிளில் வரும். உடம்போடு ஒட்டின சட்டை, தலையில் கவிழ்த்த கிண்ணம். என்னிடம் பன் வாங்கித் தின்பார்கள். அதில் ஒரு பெண் என்னைத் தலைச்சுமையோடு பார்த்துவிட்டு, "சைக்கிள் எங்க பாய்?" என்றது. சொன்னேன். "நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் ரோட்டுல தனியா ஒரு ஓரம் ஒதுக்கணும் பாய். கேளுங்க" என்றது. யாரைக் கேட்பது என்றேன். கலெக்டரைத்தான் என்றது. அடுத்த ஞாயிறு மனுவையே அடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஊரில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்தைவிடக் கட்டைவிரல்தான் அதிகம். கடைசிப் பக்கம் சிறுத்தைப்புலித் தோல் மாதிரி இருந்தது.

ஒரு திங்கட்கிழமை நானும் அண்ணாத்தயும் செங்கல்பட்டுக்குப் போனோம். மனு வாங்குகிற இடத்தில் ஒரு அம்மா கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிமிரவே இல்லை.

"முதியோர் பென்சனா?"

"இல்லம்மா."

"பட்டாவா?"

"இல்ல."

"தொகுப்பு வீடா? ரேஷன் கார்டா?"

"அதெல்லாம் இல்லம்மா. ரோட்டுல நடக்கணும்."

அந்த அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார்கள். "நடங்க. யாரு வேணாம்னாங்க?"

"காருக்காரங்க" என்றார் அண்ணாத்த.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, எதில் போடுவது என்று தேடித் தேடிக் கடைசியில் 'இதர' என்று ஒன்றில் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் என் பெண்டாட்டியிடம் காட்டினேன். சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதக் காட்டினா காரு நிக்குமா?" என்றாள். சாவி வரவில்லை.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. தையில் அண்ணாத்த அறுப்பு முடித்தார். களத்தில் யாரோ ஷாமியானா போட்டிருந்ததால், எங்கள் பக்கத்து வழக்கப்படி நெல்லை ரோட்டிலேயே பாதி அகலத்துக்குப் பரப்பிச் சுற்றிலும் கல் வைத்தார். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரோடு பொறை தின்றபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமல்லபுரத்துப் பக்கமிருந்து ஒரு கார் பறந்து வந்தது. நான் எழுந்து கால்வாயைப் பார்த்தேன், பழக்கம். ஆனால் அந்தக் கார் தூரத்திலேயே மெதுவாகி, பூனை மாதிரி ஒதுங்கி, கல்லைத் தொடாமல் போயிற்று. அடுத்தது வந்தது, அதுவும் அப்படியே. ஒரு லாரிகூட.

"அண்ணாத்த, பாத்தியா?"

"இன்னாத்த?"

"நெல்லப் பாத்தா ஒதுங்கறானுங்க. நம்மளப் பாத்தா ஹாரன் அடிக்கறானுங்க."

"அது நெல்லு மேல மரியாத இல்ல பாய். கல்லு டயர கிழிச்சிடும்னு பயம்."

"பயமோ மரியாதயோ, எனக்கு எதுவா இருந்தா இன்னா? கால்வாய்ல விழாம இருந்தா போதும்."

அண்ணாத்த மிச்சப் பொறையை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து நெல்லைக் கூட்ட ஆரம்பித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து நெல்லை வளைவிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு முழ அகலத்தில் நீளமாகப் போட்டோம். கார் போகிற பக்கம் வரிசையாகக் கல். நெல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு ஆள் அகலத்துக்குத் தார் ரோட்டைக் காலியாக விட்டோம். அதில்தான் நடப்பது, அதில்தான் சைக்கிள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டது. பெண் பிள்ளைகள் அரசாங்கச் சைக்கிளில் அந்த இடுக்கில் வரிசையாகப் போனார்கள். ஒன்றும் கால்வாய்ப் பக்கம் பார்க்கவில்லை. கார்கள் எல்லாம் நெல்லுக்கு ஒதுங்கிப் போயின. நான் ஓடிப்போய் என் பெண்டாட்டியிடம், "ரோடு சரியாயிடுச்சி" என்றேன்.

"ஒரு நாள்ல சரியானது ஒரு நாள்ல கெடும். மூணு நாள் போவட்டும், வந்து பாக்கறேன்" என்றாள்.

அவள் சொன்ன அந்த மூன்று நாளில்தான் நாங்கள் கெட்டோம். எங்கள் ஊரில் வெயில் படுகிற இடம் ஒரு சாண் காலியாகக் கிடந்தால் யாருக்கும் மனசு பொறுக்காது. இரண்டாம் நாள் காலை ஒருவர் உளுந்துச் செடியைக் கொண்டுவந்து அந்த இடுக்கில் போட்டார். கேட்டால், "கல்லுதான் வெச்சிகினு கீறீங்களே, காரு வராது, சேப்டி" என்றார். மத்தியானம் மிளகாய் வந்தது. அப்புறம் புளி. மூன்றாம் நாள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன்கார அம்மா ஆட்டோவில் வந்து இறங்கிக் கூடை கூடையாக நெத்திலியைப் பரப்பினார்கள். கடற்கரையில் காக்கா தொல்லையாம். வளைவிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஊர்ச் சமையல் மொத்தமும் காய்ந்தது. நடக்கிற ஜனம் எங்கே போவது? ரோட்டு நடுவில் போயிற்று. முன்னால் ஓரமாகவாவது நடந்தோம்.

அன்றைக்குத்தான் என் பெண்டாட்டி குடை பிடித்துக்கொண்டு பார்க்க வந்தாள். வந்து நின்று, நெத்திலியைப் பார்த்து, மிளகாயைப் பார்த்து, கடைசியாக என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜீப் வந்து நின்றது. ரோட்டு ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர், கையில் எங்கள் மனு.

"இத குடுத்தது யாரு?"

நானும் அண்ணாத்தயும் கை தூக்கினோம்.

"நடக்க எடம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, இருக்கற எடத்துல கருவாடு காய வெக்கிறீங்களா? ரோட்டுல காய வெக்கிறது குத்தம், தெரியுமா?"

"நெல்லு மட்டுந்தான் சார் என்து" என்றார் அண்ணாத்த.

"உளுந்து யாருது?" என்று கேட்டார். உளுந்துக்காரர் மிளகாயைக் காட்டினார். மிளகாய்க்காரர் புளியைக் காட்டினார். மீன்கார அம்மா மட்டும் யாரையும் காட்டவில்லை. "சார், பேசறது பேசுங்க, நெத்திலிய மட்டும் மிதிக்காதீங்க" என்றார்கள்.

இன்ஜினியருக்குக் கோபம் வந்துவிட்டது. டேப்பைப் பிரித்துக்கொண்டு ரோட்டு நடுவில் அளந்தபடி, எங்களைத் திட்டிக்கொண்டே நடந்தார். வளைவில் ஒரு கார் வந்தது. ஹாரன் அடித்தது, வேகம் குறையவில்லை. அந்த மனிதர் டேப்பை விட்டுவிட்டு ஒரே தாண்டாகக் கல்லையும் நெல்லையும் தாண்டி நெத்திலி நடுவில் போய் நின்றார். கார் அவரை விட்டுவிட்டுக் கல்லுக்கு ஒதுங்கிப் போயிற்று.

மீன்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் பெண்டாட்டி குடையை மடக்கினாள்.

"சார், அடி கிடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"இப்ப குதிச்சி நின்னீங்களே, அந்த எடம். அதத்தான் சார் மனுவுல கேட்டுக்கீது."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஷூவில் நெத்திலி ஒட்டியிருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாத்த ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், நான் ஒரு பன் கொடுத்தேன். உட்கார்ந்து தின்றுவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் வாரிடணும்" என்றார். ஜீப்பில் ஏறும்போது, "கல்லு இருக்கறத நான் பாக்கல" என்றார்.

கல் பங்குனி வரைக்கும் அப்படியே இருந்தது. நாங்களே சுண்ணாம்பு அடித்தோம். சித்திரையில் ஆட்கள் வந்து அதை எடுத்துவிட்டு, அதே கோட்டில் மஞ்சளும் கறுப்பும் அடித்த முட்டி உயரக் கட்டைகளை நட்டார்கள். வளைவிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும்தான். ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரம். அதற்கு மேல் பணம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

என் பெண்டாட்டி மறுபடியும் மூன்று நாள் வந்து நின்று பார்த்தாள். நாலாம் நாள் காலை சங்கிலியை அவிழ்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்: கட்டை இருக்கிற வரைக்கும் ஓட்டலாம், கட்டை முடிகிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்படித்தான் போகிறேன். தான் பார்க்காத நேரத்தில் நான் ஓட்டிவிடுவேன் என்று பள்ளிக்கூடத்துப் பெண்களிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறாள். கட்டை தாண்டி ஒரு மிதி மிதித்தால், "பாய் தாத்தா, எறங்கு!" என்று பத்துக் குரல் வருகிறது. நாலு ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது, முக்கால் வழி நடைதான்.

உங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள், லீவு நாளில் கடற்கரைக்கு வருவார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ரோட்டில் கட்டை முடிகிற இடத்துக்கு அப்புறம் ஓரமாக ஒரு கிழவன் தகரப் பெட்டியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான். அவனை மனுஷன் என்று நினைக்க வேண்டாம். நெல் காய்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகட்டும்.