மிதக்கும் மாப்பிள்ளை

மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தது. அப்போதுதான் தங்கை இறால் கூடையை உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கியிருந்தாள். கிளார்க் வாசலிலேயே நின்று, "அண்ணி போன் பண்ணாங்கம்மா. ஆஸ்பத்திரியில அண்ணன் தவறிட்டாராம்," என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐஸை விடக் குளிர்ந்த அந்தத் தண்ணீரில் கூடைக்குப் பத்து நிமிஷம். குறைந்தால் இறாலின் நடுப்பகுதி உறையாது, கூடினால் உப்பு ஏறிவிடும்.

"நீ கிளம்பும்மா, நான் எடுத்துடறேன்," என்றார் சூப்பர்வைசர்.

"உங்களுக்குப் போன் வந்தா கூடையை மறந்துடுவீங்க சார். நானே எடுத்துட்டுப் போறேன்."

அந்தத் தொட்டி அண்ணன் பொறுப்பில் இருந்தது; அவன் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்துதான் அவள் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் உப்புக் கரிக்கிறதென்று ஒரு கூடைகூடத் திரும்பி வந்ததில்லை. இன்றைக்குப் பார்த்து அந்தப் பேர் கெடக் கூடாது.

உப்பை அளக்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அண்ணன் அதைச் சட்டை செய்ததே இல்லை. பையில் எப்போதும் ஓர் உருளைக்கிழங்கு வைத்திருப்பான். ஒரு குவளை உப்புநீரில் அதை மிதக்கவிட்டு, பேனாவால் போட்ட கோடு தண்ணீருக்குள் போனால் இன்னொரு மூட்டை உப்பைக் கொட்டுவான். கிழங்குக்கு மாப்பிள்ளை என்று பேர்.

"ஏண்டா அந்தப் பேரு?" என்று அண்ணனிடம் ஒருநாள் அம்மா கேட்டாள்.

"எங்க போட்டாலும் மேல வந்து உக்காந்துக்கறாரே."

ஒருமுறை குவளைக்குப் பதில் தொட்டியிலேயே போட்டு மறந்துவிட்டான். மாப்பிள்ளை கல்லாக உறைந்து, இறாலோடு எடை போடப்பட்டு, பெட்டியில் கப்பலேறினார். வாங்கியவர்கள் எழுதினார்கள்: 'இறால் பிரமாதம். உருண்டையாக இருந்தது எந்த ரகம்?' அந்தக் கடிதத்தை அண்ணன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான். இப்போதும் அது அங்கேதான் இருந்தது. தங்கைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை வாடிட்டாரு. புதுசா ஒருத்தரைப் பாத்து வை. கோடு நான் வந்து போட்டுக்கறேன், நீ போட்டா கோணிக்கும்," என்றிருந்தான்.

பத்தாவது நிமிஷம் கூடையைத் தூக்கினாள். ஓர் இறாலை ஒடித்துப் பார்த்தாள். நடுவரை உறைந்து, சுத்தமாக ஒடிந்தது. நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, பேக்கிங் மேஜைக்கு அனுப்பிவிட்டு ஏப்ரனைக் கழற்றினாள்.

அதன் பையில் காலையில் வாங்கிய உருளைக்கிழங்கு இருந்தது. இன்னும் கோடு போடவில்லை.