ஐந்து ஆறும் ஒரு கரண்டு காரும்

எங்கள் ஊரில் முதல் மின்சாரக் கார் என்னுடையது. ஊரில் யாரும் அதை மின்சாரக் கார் என்று சொல்வதில்லை. கரண்டு காரு, அவ்வளவுதான். "டீச்சர் கரண்டு காரு வாங்கியிருக்காங்களாம்" என்று சேதி பரவி, பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி. "நடுவழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" முதல் வாரம் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் அலுத்துப்போய், "உங்க வண்டி நின்னா நீங்க என்ன பண்ணுவீங்களோ, அதையேதான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் அதை வேறு மாதிரிச் சொல்வார்.

காவிரிக்கு வடகரையில், திருவையாற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் தஞ்சாவூரில். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று தினமும் ஐந்து ஆறு தாண்டிப் போய், அதே ஐந்தையும் தாண்டித் திரும்பி வருகிறவள். பழைய பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு பங்க்கில் வரிசையில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால், ஒரு வகுப்புக்கே பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்திருக்கலாம். இப்போது சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செல்போனுக்குச் செருகுவது போலச் செருகிவிட்டு, காபி போடப் போய்விடுவேன். காலையில் வண்டி தயாராக இருக்கும். பாலத்தில் ஏறும்போது தின்ற சார்ஜில் கொஞ்சத்தை இறங்கும்போது திருப்பியும் தரும். கொடுத்ததைத் திருப்பித் தருகிற எதையும் எனக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு தொல்லைதான். வண்டிக்குச் சத்தம் கிடையாது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருக்கும் பெண்கள், முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டியைக் காதால்தான் பார்ப்பார்கள். நான் போய் நின்றது தெரியாது. ஹாரன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டு, "ஏன் டீச்சர், பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் கண்ணாடியை இறக்கி, தூரத்திலேயே "அக்கா, நான்தான் வர்றேன்" என்று கத்திக்கொண்டே போகப் பழகிவிட்டேன்.

வீட்டுக்காரர் விவசாயி. பாம்புக்குப் பயப்பட மாட்டார், இடிக்குப் பயப்படுவார். ஒரு சம்பாப் பருவத்தில் இடி விழுந்து போர் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் கருகிப்போனது. அது சரியாகி வருவதற்குள் பயிர் பட்ட பாட்டை அவர் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து, வானம் லேசாக உறுமினாலே கையில் இருக்கிற சோற்றைக்கூட உதறிவிட்டு எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். முதலில் மோட்டார் கொட்டகையில், அப்புறம் வீட்டில். அவரை மட்டும் சொல்வானேன், எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாருக்குமே இது ரத்தத்தில் ஊறிவிட்டது. முதல் இடிக்கே "மெயினை இறக்கு, மெயினை இறக்கு" என்று தெருவில் நாலு வீட்டிலிருந்து குரல் கேட்கும்.

மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நேரம் வந்தது. சம்பந்தி வீடு மன்னார்குடிப் பக்கம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், குழந்தை பிறந்த பிறகுதான் லீவு. தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தியம்மா என்னிடம் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உங்க வீட்டுல இருக்கிறது அந்தக் கரண்டு வண்டி ஒண்ணுதானே? வலி எடுத்து, வண்டி நடுவழியில நின்னுட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. என் பெண்ணை என் வீட்டுக்கு அழைத்துப்போக நான் வண்டிக்கு ஜாமீன் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம். ஆனால் அந்த அம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தை வயிற்றில் குறுக்காகக் கிடக்கிறது, வலி கண்டால் தாமதம் செய்யாமல் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்க மருமகளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு" என்றேன். அவர் விடவில்லை. "எதுக்கும் ஒரு பெட்ரோல் காருக்கும் சொல்லி வச்சுடுங்க." எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வாடகைக் கார்க்காரரிடம் சொல்லிவைத்தேன். பிடிக்காமல்தான் சொன்னேன்.

கார்த்திகையில், டாக்டர் சொன்ன நாளுக்கு நாலைந்து நாள் முன்னதாகவே சம்பந்தியம்மா துணைக்கு வந்துவிட்டார். வந்த மறுநாள் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்று நான் பள்ளிக்கூடம், டாக்டர், மருந்துக் கடை என்று தஞ்சாவூருக்கும் வீட்டுக்குமாக அலைந்துவிட்டு, அடிமட்ட சார்ஜோடு வந்து நிறுத்தி, வயரைச் செருகினேன். வண்டியில் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன். விடிந்தால் முழுசாக ஏறியிருக்கும் என்று அத்தனை நிம்மதி எனக்கு.

காலையில் காபித் தம்ளரோடு நின்றபோது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வலிக்குதும்மா" என்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. செல்போனில் டவர் இல்லை. ஆம்புலன்ஸுக்கு எப்படிப் போட்டும் லைன் போகவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வண்டியில் உட்கார்ந்து பார்த்தால், ராத்திரி விட்ட இடத்திலேயே நிற்கிறது சார்ஜ். பதினான்கு சதவீதம்.

ஒன்றும் புரியவில்லை. ராத்திரி முழுக்க வீட்டில் விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. பின்னால் திரும்பினால், வீட்டுக்காரர் மீட்டர் பெட்டிக்குக் கீழே மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். முகமே சொல்லிவிட்டது.

"ராத்திரி நீ உள்ள வந்த கையோட இடி இடிச்சுது. நான்தான் மெயினை இறக்கினேன். ஏத்த மறந்துட்டேன்."

விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடியிருக்கின்றன. அதனால் யாருக்கும் தெரியவில்லை. அவர் அவசரமாக மெயினை ஏற்றிப் பார்த்தார். விடியும் முன்பே ஊருக்கே கரண்டு போயிருந்தது. மோட்டாரைக் காப்பாற்றுகிற மனுஷன் பெண்டாட்டி வண்டியைப் பட்டினி போட்டுவிட்டார். முப்பது வருஷத்தில் அவரை நான் திட்டாத திட்டில்லை, ஆனால் அந்த நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை.

"அந்தப் பெட்ரோல் காரைக் கூப்பிடுங்க" என்றார் சம்பந்தியம்மா. வீட்டுக்காரர் தெருக்கோடிக்கு ஓடினார். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார். "அவரு வண்டியில எண்ணெய் இல்லையாம். நேத்து சாயந்தரம் பங்க்குல கூட்டம், காலையில போட்டுக்கலாம்னு வந்துட்டாராம். இப்பப் போய்ப் பார்த்தா பங்க்குலயும் கரண்டு இல்ல, ஜெனரேட்டரும் ரிப்பேராம்." பெட்ரோலைத் தரையிலிருந்து மேலே இழுக்கவும் கரண்டுதான் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஊரை ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

நான் கணக்குப் போட்டேன். இருக்கிற சார்ஜுக்கு வண்டி ஆஸ்பத்திரிவரை போகும், போய்க் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இந்த வண்டியை எனக்குத் தெரியும். "ஏறுங்க எல்லாரும்" என்றேன். மகளையும் அவள் அப்பாவையும் பின்சீட்டில் உட்காரவைத்தேன். சம்பந்தியம்மா ஒரு கணம் தயங்கி, முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறினார்.

ஏசியை அணைத்தேன். ஆக்சிலேட்டரில் முட்டை இருப்பது போலக் காலை வைத்து ஓட்டினேன். காவிரி இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறியதும் சம்பந்தியம்மா கைகூப்பினார். குடமுருட்டியிலும் கும்பிட்டார். அதுவரை என் கணக்கு இம்மி பிசகவில்லை.

குடமுருட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வாய்க்கால் கரையோடு சுற்றித்தான் போக வேண்டும். மரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேறும் பள்ளமுமாக அந்தப் பாதையில் வண்டி முக்கி முக்கிப் போனபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எனக்கு மட்டும் தெரியும் எண் மளமளவென்று இறங்கியது. பத்து ஒன்பதானது, ஒன்பது எட்டானது. இப்போது சொன்னால் என்ன, பயந்துதான் போனேன்.

பின்னாலிருந்து மகள் முனகினாள். "அம்மா, சார்ஜ் இருக்காம்மா?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார். வண்டியின் நடுவில் இருக்கும் திரையில் ஓர் ஓரமாக எரிந்த எண்ணை விரலால் தொட்டு, "இருக்கு கண்ணு. இருவத்தி நாலு இருக்கு" என்றார்.

அது சார்ஜ் இல்லை. வெளியே எவ்வளவு குளிர் என்று காட்டுகிற எண். பாவம், இந்த அம்மா அதைப் போய்ச் சார்ஜ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். திருத்தவில்லை. ஒருத்தராவது தைரியமாக இருக்கட்டும்.

வெட்டாறு வந்தது. "குறையுதா அத்தை?" என்றாள் மகள்.

"குறையவே இல்ல. அதே இருவத்தி நாலுதான். நீ மூச்சை நல்லா இழுத்து விடு."

வெண்ணாற்றுப் பாலத்தில் இறங்கும்போது வண்டி தன்னால் முடிந்ததைத் திருப்பித் தந்தது. அடுத்த மேட்டிலேயே அதையும் தின்றுவிட்டது. எனக்கு முன்னால் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது, அதன் பக்கத்தில் ஒரு ஆமைப் படம் வந்தது. இனிமேல் மெதுவாகத்தான் போவேன் என்று வண்டி சொல்கிறது. வடவாற்றுப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். பின்சீட்டில் வீட்டுக்காரர் மகளின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். சம்பந்தியம்மா மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டு, மகள் முனகும்போதெல்லாம் "இருவத்தி நாலு கண்ணு, இருவத்தி நாலு" என்று தாலாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது சார்ஜ் இரண்டு இருந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நடைவழியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அப்புறம் எல்லாம் சகஜமாகிவிட்டது. வீட்டுக்காரரைப் பாக்கி வைக்காமல் திட்டித் தீர்த்தேன். இடி இடித்தால் இப்போதும் மெயினை இறக்குகிறார்தான். ஆனால் இறக்கிய கையோடு அடுக்களைக்கு வந்து, "இறக்கியிருக்கேன், ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சம்பந்தியம்மாவின் இருவத்தி நாலு மட்டும் எனக்கு வேடிக்கைக் கதையாக மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பங்குனியில், குழந்தைக்கு ஐந்தாம் மாசம், அழைத்துப்போக சம்பந்தியம்மா வந்தார். வாடகைக் காருக்குச் சொல்லட்டுமா என்று வேண்டுமென்றே கேட்டேன். "எதுக்கு? உங்க வண்டிதான் இருக்கே" என்று அவராகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் மகள் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, வண்டி நகர்ந்ததுமே தானும் கண்ணயர்ந்துவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? திரையைக் காட்டி, "பார்த்தீங்களா சம்பந்தி, இன்னிக்கு முப்பத்தி நாலு இருக்கு. அன்னிக்கு இருந்ததை விடப் பத்து கூட" என்றேன்.

அவர் பின்னால் திரும்பி, மகள் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது வெயில் காட்டுற எண்ணுன்னு எனக்குத் தெரியாதா சம்பந்தி? எங்க வீட்டு வண்டியிலயும் அதே எடத்துலதான் காட்டும். அன்னிக்கு உங்க முன்னாடி எண்ணு இறங்கிக்கிட்டே வந்து செவப்பா மின்னுச்சே, எல்லாத்தையும்தான் பார்த்தேன். பின்னாடி புள்ள காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. குறையுதுன்னு வாயால சொல்ல முடியுமா?"

எட்டு, ஏழு, ஆறு என்று அது இறங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த அம்மாவும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டேதான் "குறையவே இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

காவிரிப் பாலம் வந்தது. அவர் கைகூப்பினார். நான் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கூப்பியிருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க சம்பந்தி" என்றார்.