ஒன்பது பொட்டு

மகன் வாங்கிய ஆட்டோவுக்குக் கோயில் வாசலில் பூசை. பூசாரி சூடம் ஏற்றியதுமே அந்த வாசனை என்னை இலங்கையின் உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் வெள்ளைக்காரத் துரை பழைய கொட்டகையில் மரத்தாலும் துணியாலும் சொந்தமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு யுத்தத்தில் மிஞ்சிய எஞ்சின் ஒன்று வந்து இறங்கியது. ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக, ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன.

"நவக்கிரகமாட்டம் இருக்குங்க," என்றாள் அம்மா.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் மிசின் பார்க்கும் அப்பாதான் அதைச் சங்கிலியால் தூக்கி விமானத்தின் மூக்கில் பொருத்தினார்.

ஸ்டோரில் எந்தப் புது மிசினையும் சூடம் காட்டாமல் ஓட்ட மாட்டார்கள். அன்றும் அம்மா ஒன்பது சிலிண்டருக்கும் குங்குமப் பொட்டு வைத்து, சூடத்தட்டை எஞ்சினுக்கு முன்னால் சுற்றினாள். அடியில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

குபீரென்று பற்றியது. வார்னிஷ் பூசிய துணியெல்லாம் நொடியில் எரிந்தது. அம்மாவின் சேலையில் பிடித்த தீயை அப்பா வெறுங்கையால் அமுக்கி அணைத்தார். அந்த விரல்கள் பிறகு விரியவே இல்லை.

"ஏந்தான் கொளுத்துனேனோ," என்று அம்மா அழுவாள்.

"எல்லா மிசினுக்கும் காட்டுறதுதானே புள்ள, நீ என்ன பண்ணுவ," என்பார் அப்பா.

அவர் சாகும்வரை அம்மாதான் சோறு ஊட்டினாள். ஒவ்வொரு கவளத்தையும் ஊதி ஊதி ஆற வைத்துக் கொடுத்தாள். காலையில் பழைய சோற்றையும் ஊதித்தான் கொடுத்தாள்.

"தொட்டுக் கும்புடுங்கம்மா," என்று மகன் பூசாரியிடமிருந்து தட்டை வாங்கி என் முன்னால் நீட்டினான்.

என்னையறியாமல் சூடத்தை ஊதி அணைத்துவிட்டேன்.