செம்மேட்டுக் கொட்டகையில் நான் தாய்மாமன் ஆனேன்

மிளகுக் கிடங்கில் நாடகம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கொல்லிமலை புறப்பட்டேன். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் தை மாதம் அது. மழை விட்டு அட்டைகளும் குறைந்திருந்தன. காலை ஆறு மணிக்கு அடிவாரத்துப் புளியஞ்சோலையில் ஏறத் தொடங்கினால் பகல் ஒரு மணிக்குச் செம்மேடு. மூட்டை தூக்கி வழிகாட்ட ஆள்கூலி ஆறணா. ஒவ்வொரு கல்லிலும் என் முழங்கால் ‘உள்ளேன் ஐயா’ என்றது.

கொட்டகை சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். உதாரணத்துக்கு, எங்கள் பள்ளி மூன்றாம் வகுப்பறையைவிடச் சற்றே நீளம். ஐம்பது பேர் அமர்ந்துவிட்டால் அடுத்த ஆளுக்கு மேடைதான். மிளகு காய்க்காத ஒரு வருஷம், மழைக்கு ஒதுங்கிய நாடகக்காரர்களுக்கு உரிமையாளர் செங்கோடன் காலிக் கிடங்கைத் திறந்துவிட்டாராம். அவர்கள் நன்றிக்கு ஆடியது பிடித்துப்போய், அன்றுமுதல் மிளகு மூட்டைகளை வீட்டில் அடுக்கத் தொடங்கினார். படுக்க இடமில்லை என்பது அவர் மனைவி பாவாயியின் வழக்கு. முந்தைய இரண்டு நாடகங்களும், கூட்டம் குறை சொல்லி எழுந்துபோனதில் பாதியில் நின்றன. இன்றும் நின்றால் மூட்டைகள் கொட்டகைக்கே திரும்பும் என்று பாவாயி சொல்லியிருந்தார். இதை என்னிடம் சொல்லிக்கொண்டே செங்கோடன் டிக்கெட் கிழித்தார்.

சந்தைக்கு வந்தவர்கள்தான் கூட்டம்; அவர்கள் இருட்டுமுன் காட்டுவழியே ஊர் திரும்ப வேண்டுமே. அதனால் ஆட்டம் பகலில்தான். டிக்கெட் ஓரணா. முன்வரிசையில் அமர்ந்தேன். இளவரசன் சுழற்றிய வாளின் காற்று என் கன்னத்தில் பட்டது. தரையில் ஊறிய மிளகு நெடியில் செத்த ராஜாவே தும்மினார்.

கல்யாணக் காட்சியில் தாலியை எடுத்தபோது திண்ணனூர் நாடு என்ற மலை ஊர்த்தொகுதியின் விவசாயி ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்க, பொண்ணோட தாய்மாமன் எங்கீங்க? அவரு சொல்லாம தாலி ஏறுமுங்களா?”

அப்படி ஒரு வேஷமே இல்லை என்றான் இளவரசன்.

“மாமன் வராத கல்யாணத்துல எங்களுக்கென்னங்க வேலை?” என்று அவர் துண்டை உதறினார். அவர் வரிசையே எழுந்தது.

செங்கோடன் கூட்டத்தைத் துழாவினார். அங்கே யார் யாருக்கு என்ன முறை என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த முறையும் இல்லாத ஆள் நான் மட்டுமே.

“சாமி, செத்த நேரம் மாமனா நில்லுங்க,” என்று மேடையேற்றிவிட்டார்.

பவுடருக்கு அடியில் தாடி முளைத்த மணப்பெண் என் காலில் விழுந்தாள். தலையாட்டியிருந்தால் போதும். பழக்கம் விடவில்லை, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டுவிட்டேன். நாடாள்வதாகச் சொன்னான்.

பின்வரிசையிலிருந்து பாவாயி குரல் கொடுத்தார்: “நாடு கெடக்குதுங்க. ஊட்டுல மூட்டையில்லாம படுக்க எடமிருக்குதான்னு கேளுங்க.”

ஏழு அரண்மனை இருப்பதாக இளவரசன் பணிவாகச் சொன்னான்.

“அப்பப் பொண்ணக் குடுத்துருங்க. எங்க மொளகுக்கும் ஒண்ணு கேட்டு வாங்குங்க.”

எழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சம்மதம் சொன்னேன். தாலி ஏறியது. மங்களம் பாடும்வரை ஒருவரும் நகரவில்லை.

வெளியே வந்ததும் பாவாயி கணவரிடம் தீர்ப்புச் சொன்னார்: “மூட்டை ஊட்டுலயே கெடக்கட்டுமுங்க. ஆனா அடுத்த ஆட்டத்துக்கும் ஒரு மாமன் வேணும்.”

ஆகவே, போகிறவர்கள் சந்தை நாள் பார்த்துப் போங்கள். குளிருக்குப் போர்வை அவசியம். வெளியூர் ஆண்கள் தயவுசெய்து முன்வரிசையில் அமருங்கள். மாமன் வராத அன்று மிளகு திரும்பி வந்துவிடும்.