கடைக்கு மட்டும் கிளம்பும் வண்டி

ரிஃபாத் செய்து கொடுத்த கார் சாவி ஒன்று தென்காசியில் வேலை செய்தது, வீரகேரளம்புதூரில் வேலை செய்ய மறுத்தது. சாவி ஊர் பார்க்குமா என்று அவன் மனைவி நஸீபா சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

வண்டியின் சொந்தக்காரர் லோகநாயகி. கிராம சுகாதார நர்சாக இருந்தவர். வேலையிலிருந்த காலம் முழுவதும் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கு பஸ்ஸுக்காகக் காத்து நின்று, தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தார். ஓய்வு பெற்றதும் முதல் காரியமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இன்னொருவர் ஓட்டிய சிவப்பு வண்டி ஒன்றை வாங்கினார். ஊரில் அவர் இன்றும் நர்சம்மாதான். வண்டியோடு ஒரே ஒரு சாவிதான் வந்தது. தனியாக இருக்கும் பெண், ஒற்றைச் சாவியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? யாரோ சொல்லி ரிஃபாத் கடைக்கு வந்து இரண்டாவது சாவி போட்டுக்கொண்டு போனார்.

ரிஃபாத்தின் கடை தென்காசியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அவன் சாவித் தொழிலுக்கு வந்ததே கதவட்டை வழியாகத்தான். கத்தாரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில், அறைக் கதவைத் திறக்கும் அட்டைகளைப் பதிந்து கொடுக்கிற வேலை பார்த்தான். அட்டையைத் தொலைத்தவர், அட்டையை ஒடித்தவர், அடுத்த அறைக் கதவில் அட்டையைத் தேய்த்துவிட்டு வந்து சண்டை போடுபவர் என்று அங்கே பார்க்காத ஆள் இல்லை. ஊருக்குத் திரும்பியபோது குற்றாலத்து லாட்ஜுகளும் ஒன்றொன்றாக அட்டைக்கு மாறிக்கொண்டிருந்தன. சாரல் காலத்தில் அவற்றுக்கு அட்டை போட்டுக் கொடுக்கப் போனவனிடம், கார் சாவியைப் பறிகொடுத்தவர்கள் ஏதாவது வழி உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

குற்றாலத்தில் சாவி தொலைவதற்கு ஒரு முறை உண்டு. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். சட்டைப்பையில் வைத்தால் எவனாவது எடுத்துவிடுவான் என்று சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு அருவிக்குள் போவார்கள். எண்ணெயில் முடிச்சு வழுக்கும். மேலிருந்து விழுகிற தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஈரத் துண்டோடு பூட்டிய காரைச் சுற்றிச் சுற்றி வரும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து, இதையும் கற்றுக்கொண்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பழைய இரும்புக் கடையில் ஸ்டியரிங் தண்டுகளை வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் போட்டான். செத்த சாவிகளை அறுத்துப் பார்த்தான். "எல்லாரும் வளைகுடாவுல இருந்து செண்ட் பாட்டில் கொண்டு வாராங்க. நீங்க வெறும் சந்தேகமா கொண்டு வந்திருக்கீக" என்பாள் நஸீபா.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி போல ஒரு சில்லு இருக்கும். அதற்கு பாட்டரி வேண்டாம். சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் உண்டு. அந்த வளையம் சில்லை எழுப்பி, "உன் எண் என்ன?" என்று கேட்கும். சரியான எண்ணைச் சொன்னால்தான் இன்ஜின் பிடிக்கும். இல்லாவிட்டால் டாஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இதைத் தானாகக் கண்டுபிடித்த அன்று அவன் தெருவில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு விளக்கினான். ஒருவருக்கும் புரியவில்லை. சொல்லிவிட்டதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்டவனுக்குத்தான் நர்சம்மாவின் போன் வந்தது.

"ஏம்பா, நீ போட்ட சாவி என் பழைய சாவியையும் கெடுத்திட்டு. ரெண்டுலயும் வண்டி எடுக்க மாட்டேங்கு. சில நேரம் எடுக்குது, சில நேரம் உறுமிட்டு அப்படியே நிக்குது."

"வண்டியோட கடைக்கு வந்திருங்க நர்சம்மா. எடுக்கலைன்னா சொல்லுங்க, நான் வாரேன்."

வண்டி வந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தது. கடை வாசலில் அவன் இரண்டு சாவியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். தொட்டவுடன் பிடித்தது. வளையத்தைக் கழற்றிச் சுத்தம் செய்தான், பாட்டரியைச் சோதித்தான், இரண்டு சாவியையும் வண்டிக்கு மறுபடி அறிமுகம் செய்தான். நர்சம்மா வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை போன்.

"எடுக்கலப்பா."

இது திரும்பத் திரும்ப நடந்தது. கடைக்கு வரவேண்டுமென்றால் வண்டி சிணுங்காமல் வரும். சந்தைக்கோ, சொந்தக்காரர் வீட்டுக்கோ என்றால் அடம் பிடிக்கும். "இதுக்கு உன் மேல பிரியம் போல" என்றார் நர்சம்மா. அவர் வீட்டுக்கு எதிரே மின்சார டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று தெரிந்ததும் ரிஃபாத்துக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொன்னான். அங்கேயும் அதே கதைதான்.

பிறகு ஒருநாள் நர்சம்மா வேறு குரலில் பேசினார். "ஞாயித்துக்கெழம முத்துகுமரன் வாரான்."

முத்துகுமரன் அவர் மகன். பெங்களூரில் வேலை. அம்மா ஒருமுறை மருந்துக்கடை வாசலில் வண்டி கிளம்பாமல் வெயிலில் நின்றதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். நடுவழியில் நிற்கிற வண்டி அம்மாவுக்கு வேண்டாம், விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, ஆளையும் பார்த்துவிட்டான்.

"அவன் சொல்லுததும் நியாயந்தான். ஆனா மறுபடி பஸ் ஸ்டாப்புல போய் நிக்க எனக்கு மனசு வரல தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிஃபாத் கடையைத் திறக்கவில்லை. கருவிப் பெட்டியையும் எடுக்கவில்லை. வீரகேரளம்புதூருக்கு பஸ் ஏறினான்.

வண்டி கோளாறு செய்கிற இடத்தில் வைத்தே அதைப் பார்த்துவிடுவது என்று போனான். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீங்க தெனமும் எப்படிக் கெளம்புவீங்களோ அப்படியே கெளம்புங்க நர்சம்மா. நான் இங்கன இல்லன்னு நெனச்சுக்கிடுங்க" என்றான்.

"கதவு நெலை உசரத்துக்கு ஒரு ஆளு ஒக்காந்திருக்கான், எப்பிடிப்பா இல்லன்னு நெனைக்க?" என்றாலும் சொன்னபடி செய்தார். உள்ளே போனார். தண்ணீர்ப் பாட்டிலும் கைப்பையுமாக வெளியே வந்தார். வீட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்தும் பார்த்தார்.

"அம்மா! நான் உள்ள இருக்கேன்!" என்று சன்னல் வழியாக முத்துகுமரன் கத்தினான். கையில் இட்லித் தட்டு இருந்தது.

"தெனமும் கெளம்பும்போது உள்ள யாருலே இருக்கா?" என்றபடி திரும்பிப் போய்த் திறந்துவிட்டார் நர்சம்மா. அவன் தட்டோடு வந்து காரின் பக்கத்தில் நின்றான்.

நர்சம்மா இருக்கையில் அமர்ந்து, பையிலிருந்து சாவியை எடுத்துத் துளையில் போட்டுத் திருப்பினார். இன்ஜின் உருண்டது, பிடிக்கவில்லை. சாவி விளக்கு மினுக்கியது.

ரிஃபாத் விளக்கைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாவி துளையில் இருந்தது. இன்னொரு சாவி அதன் கழுத்தோடு கழுத்தாக, மஞ்சள் கயிற்றால் கட்டப்பட்டு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன நர்சம்மா?"

"எது?"

"இந்தக் கயிறு."

"அதுவா? நீ ரெண்டாவது சாவி போட்டுக் குடுத்ததும் கீழப்பாவூர் நரசிம்மர் கோயில்ல கொண்டு போய் வச்சு எடுத்தேன். பட்டர் ரெண்டையும் சேத்துக் கட்டிக் குடுத்தாரு."

"கடைக்கு வாரப்போ நான் இதப் பாக்கலயே?"

"வீட்டுலயே சாமிப் படத்துக்கு முன்னால வச்சு அவுத்துருவேன். உன் கடையில செருப்புக் காலும் இரும்புத் தூளுமால்லா கெடக்கு, அதுல விழுந்திரப்பிடாதுல்லா? திரும்பி வந்து கைகால் கழுவிட்டு மறுபடி கட்டிருவேன்."

ரிஃபாத், தூங்கும் குழந்தையின் விரலைத் தூக்குவது போல, தொங்கிய சாவியைக் கயிறு விட்டுக்கொடுத்த மட்டும் மேலே தூக்கிப் பிடித்தான். "இப்பத் திருப்புங்க."

பிடித்தது.

"அணைங்க." சாவியைக் கீழே விட்டான். "திருப்புங்க." பிடிக்கவில்லை. இடது பக்கம் சாய்த்தான், பிடித்தது. பின்னால் மடக்கினான், உருண்டு நின்றது. அவன் தன்னை மறந்துவிட்டான். விட்டால் பொழுதுக்கும் அதையே செய்துகொண்டிருப்பான் போலிருந்தது.

"என்ன வெளையாட்டு இது?" என்றான் முத்துகுமரன்.

"ரேஷன் கடையில கார்டு நம்பர் கேக்கும்போது ரெண்டு பேரு ஒரே நேரத்துல நம்பர் சொன்னா எப்படி சார் இருக்கும்? அந்தக் கதைதான். துளையில இருக்கிற சாவியும் பேசுது, பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற சாவியும் பேசுது. வண்டிக்கு ஒண்ணும் வெளங்கல. கயிறு தளந்து ஒண்ணு வெலகிட்டா எடுக்குது, நெருங்கிட்டா நிக்குது. வண்டியில கோளாறு இல்ல, சாவியிலயும் இல்ல."

"அப்ப கயித்த அவுத்தாச் சரியாப் போகுமா?" என்று முத்துகுமரன் கை நீட்டினான்.

"தொடாத லே!" நர்சம்மா சாவியைப் பொத்திக்கொண்டார். "சன்னதியில கட்டுனது. கடைக்குப் போக அவுக்கது வேற, ஒரேயடியா அவுக்கது வேற. எனக்கு ஒரு ஆபத்தும் வராம ஓட்டணும்னு வேண்டிக்கிட்டு வாங்குனது."

"அம்மா, அப்ப வண்டி ஓடாது. ஓடாத வண்டிய வச்சு என்ன செய்ய? அந்த அண்ணாச்சி மத்தியானம் வாரேன்னு சொல்லிருக்காரு, குடுத்திருவோம்."

நர்சம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுதலை விடுவதா, வண்டியை விடுவதா என்று அவர் முகத்தில் ஓடியதை ரிஃபாத்தால் பார்க்க முடிந்தது. சாவித் தொழிலில் அதற்குக் கருவி கிடையாது.

"கட்டுனவர்கிட்டயே கேட்டிருவோம், ஏறு" என்றார் திடீரென்று. "ரிஃபாத்து, அந்தச் சாவியத் தூக்கிப் பிடி."

கீழப்பாவூர் போய்ச் சேர்ந்ததும் ரிஃபாத் பின் இருக்கைக்கு மாறி வண்டியிலேயே இருந்துகொண்டான். அம்மாவும் மகனும் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் பட்டரும் அவர்களோடு வெளியே வந்தார். சாவி கட்டியதால் நின்றுபோன வண்டியைத் தானும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"நான் கட்டுனதுலயா நின்னுச்சு?" என்று குனிந்து பார்த்தார். "அம்மா, நீங்க வந்த அன்னைக்கு என் தட்டுல ஒரு டிராக்டர் சாவி, மினி பஸ் சாவி, பைக் சாவின்னு ஒரே கூட்டம். அதுக்கு முந்தின வாரந்தான் ஒருத்தர் சாவிய இன்னொருத்தருக்குக் குடுத்தனுப்பி, அவரு திருநெல்வேலி வரைக்கும் போய்ட்டாரு. அதுலருந்து ஒரு வீட்டுச் சாவிய எல்லாம் சேத்துக் கட்டிருதேன். மாறிப் போகாம இருக்க."

நர்சம்மா அவரையே பார்த்தார். "அப்ப மந்திரம்?"

"மந்திரம் வண்டிக்குச் சொன்னது. கயித்துக்குச் சொல்லல." பட்டர் தன் நகத்தாலேயே முடிச்சை நெகிழ்த்தி, சாவிகளைப் பிரித்து, இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தார். "வேற யாரெல்லாம் கட்டோட அலையுதாங்களோ தெரியலயே" என்று கவலைப்பட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நர்சம்மா ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினார். பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். பிடித்தது. முத்துகுமரன் கேட்டு, அவனும் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கும் பிடித்தது. அவர்கள் இடம் மாறி அமரும்போது அவன் போன் அடித்தது. வண்டி வாங்கப் போகிறவர்.

"வீட்டுக்கு வரட்டா? ஆர்.சி. புக் இருக்குல்லா? ரெண்டு சாவியும் இருக்கணும் தம்பி, ஒத்தச் சாவி வண்டிய நான் தொட மாட்டேன்" என்று அவர் பேசியது பின் இருக்கை வரை கேட்டது.

முத்துகுமரன் போனைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். "இப்பதான் நல்லா ஓடுதே... ஆனா நாளைக்கு வேற ஏதாவது ஆச்சுன்னா?"

நர்சம்மா இரண்டாவது சாவியை அவன் சட்டைப்பையில் போட்டார். "இது உன்கூட பெங்களூரு வரட்டும். இன்னொண்ணு என்கிட்ட இருக்கும். ரெண்டு சாவியும் ஒண்ணா வேணும்னா, என்கிட்ட வந்து கேட்டு வாங்கணும். நான் முடியலன்னு சொல்லுத அன்னைக்கு வா, தாரேன். அது வரைக்கும் அவர வேற வண்டி பாக்கச் சொல்லு."

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு போனில், "அண்ணாச்சி, மன்னிக்கணும். அம்மா ஓட்டுதாங்க. குடுக்கல" என்றான்.

நர்சம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கியரில் கை வைத்தார். பின்னாலிருந்து ரிஃபாத் தொண்டையைச் செருமினான்.

"நர்சம்மா, கெளம்பும் முன்னால ஒரே ஒரு தடவ ரெண்டு சாவியையும் சேத்துப் பிடிச்சுப் பாக்கட்டா? எம்புட்டு நெருங்குனா நிக்குதுன்னு சரியாத் தெரியல."

"ஏலே, எறங்கி பஸ்ஸுல போறியா?"

முத்துகுமரன் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து, ஸ்டியரிங் பக்கமாக மெல்ல மெல்லக் கொண்டுபோனான்.