ஜமால் பாயின் வெள்ளிக்கிழமைச் செய்தி

ஜமால் முகைதீன் இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு உட்காரும் நேரம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இணையதளம் கட்டிப் பிழைக்கும் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு, புதிதாக என்ன கருவி வந்திருக்கிறது என்று அவர் வாரந்தோறும் எழுதி அனுப்பும் அதே நேரம். அன்று அனுப்பியவர் அவருடைய மகன். "வாப்பா காலையில மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் முதுநகர்ல அடக்கம்." வெள்ளிக்கிழமைச் செய்திக்குப் படிக்காமலே கட்டைவிரல் உயர்த்துவது நம் குழுவின் மரபு. அன்றும் பலர் உயர்த்தினார்கள். அதில் நான் இல்லை. எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. என் கைபேசி சார்ஜில் கிடந்தது.

சிதம்பரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நானும் அவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். ரயிலில் தொழில் செய்திகளைப் படிப்பார். அறைக்கு வந்ததும் அதில் பாதியை ரத்து செய்வார். "கடலூர்ல ஏறும்போது புதுசா இருந்துச்சு மச்சான். பரங்கிப்பேட்டை தாண்டுறதுக்குள்ள அதுக்கு அடுத்தது வந்துடுச்சு." அவர் எழுதுவதும் இதே தொனிதான். "பெட்டிக்குள் எழுத்தை நடுவில் நிறுத்த இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய வழிகள் ஏன் போதவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நாமும் கேட்க வேண்டாம்."

தான் பயன்படுத்திப் பார்க்காத கருவியைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார். சோதித்துப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரே ஓர் இணையதளம்தான்: குமரேசன் அண்ணனின் கல்யாண மண்டபம். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உலகத்தில் எங்கோ ஒருவர் புதுக் கருவி வெளியிட்டால் சிதம்பரத்தில் அந்த மண்டபம் இடித்துக் கட்டப்படும்.

"பாய், மண்டபம் புக் பண்ற பட்டன் நேத்து வலது பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு காணோம்."

"இருக்குண்ணே. மெதுவா கீழ தள்ளுங்க, வரும்."

"அது வர்றதுக்குள்ள மாப்பிள்ளையே மனசு மாறிடுவான் பாய்."

போன ஆண்டு அந்தக் கருவி வந்தது. வேண்டியதைத் தமிழில் சொன்னால் போதும், இணையதளத்தைத் தானே கட்டித் தரும். பாய் அதனிடம் மண்டபத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது மண்டபம் தயாராக இருந்தது. பட்டன் எல்லோரும் தேடும் இடத்தில் இருந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே விஷயம் கசிந்துவிட்டது. கடலூரிலிருந்து நம் குழுவின் சரவணன் பஸ் பிடித்து வந்து மாடி ஏறினார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் சொந்தமாக ஆபீஸ் திறந்திருந்தார். வீட்டில் முதல் பிரசவம் நெருங்கியிருந்தது.

"மாமா, அத மட்டும் போடாதீங்க. குரூப்ல கஸ்டமருங்களும் இருக்காங்க."

"இத்தன நாளா நமக்கு லாபமான செய்தியா போட்டேன், நல்லா இருக்குன்ன. இது அவுங்களுக்கு லாபம். அதுவும் செய்திதான்டா."

"அப்ப நான் எங்க போறது?"

அதற்குப் பாயிடம் விடை இருந்திருந்தால் அதையும் வெள்ளிக்கிழமை போட்டிருப்பார்.

சொன்னபடி எழுதினார். "நல்ல கருவி. நம் வேலையைச் செய்கிறது. குறை தேடினேன். ஒன்று கிடைத்தது: வரிகளை நெருக்கி வைப்பதால் தமிழ் எழுத்துகளின் தலை வெட்டுப்படுகிறது. என் பெயரிலேயே 'தீ'யின் கொக்கி போய்விட்டது." அந்த ஒரு குறையை நம்பி நாம் எல்லோரும் மேலும் சில மாதம் குடும்பம் நடத்தினோம். வாடிக்கையாளர்களிடம் கொக்கியின் அருமையை விளக்கினோம். தமிழுக்கு அவ்வளவு உழைத்தவர்கள் அண்மைக் காலத்தில் இல்லை.

முதலில் போனவர் குமரேசன் அண்ணன்தான். நேரில் வந்து சொல்லிவிட்டுப் போகும் மரியாதை அவருக்கு இருந்தது. "கோச்சுக்காதீங்க பாய். முகூர்த்தம் பாக்க வர்றவங்க தேதியத்தான் பாப்பாங்க, கொக்கியவா பாப்பாங்க?" பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, புதுக் கருவியை எப்படிக் கேட்டால் நன்றாகச் செய்யும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

பிறகு சரவணன் ஆபீஸைக் காலி செய்துவிட்டு மாமனாரின் மளிகைக் கடையில் உட்கார்ந்தார். பெண் குழந்தை. குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. பாய்க்கும் வேலை நின்றது, செய்தி நிற்கவில்லை. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "படிக்க இப்பதான் டைம் ஜாஸ்தி கெடைக்குது மச்சான்" என்றார். வேலை இல்லாத அறைக்கு ரயில் ஏறி வந்துகொண்டிருந்தார். போன மாதம் ஒருநாள், படியேறி வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். வாயுத் தொல்லை என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் குமரேசன் அண்ணன் ஒரு நினைவுப் பக்கம் அனுப்பினார். "டீ குடிக்கிற நேரத்துல செஞ்சேன் தம்பி. பாய்க்கு நம்மால ஆனது." எந்தக் கருவியில் செய்தார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. படத்தைப் பார்க்கும் முன்பு நான் பெயரைத்தான் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கைபேசியில் பார்த்தேன், கணினியில் பார்த்தேன். ஜமால் முகைதீன் என்பதில் 'தீ'யின் கொக்கி முழுசாக இருந்தது. வரிகளுக்கிடையே தாராளமாக இடம் இருந்தது. அவருக்காக ஏதாவது ஒன்றைத் திருத்திக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வெள்ளிக்கிழமை வேலை ஒன்றுதான். அந்த வாரம் ஜும்ஆ முடியும் நேரம் பார்த்து எழுதி அனுப்பினேன். "தமிழ் எழுத்தின் தலையை வெட்டும் குறை நீங்கிவிட்டது. பயன்படுத்திப் பார்த்த இடம்: ஜமால் பாயின் நினைவுப் பக்கம். வேறு குறை கிடைக்கவில்லை."

வழக்கம்போல் உடனே கட்டைவிரல்கள் உயர்ந்தன. சரவணனுடையது மட்டும் வரவில்லை. அவர் படித்திருக்கிறார்.